தெளிவான எதிரொலியைச் சந்தேகித்தவர்

வடலூரில் பேருந்துக்காக நின்றிருந்தபோது வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது: ஜமீலா காலமானார். நான் நம்பவில்லை. அனுப்பியவருக்கு அவரோடு அவ்வளவு பழக்கமில்லை; முந்தின வாரம்கூட ஜமீலா என்னோடு சண்டை போட்டிருந்தார். அவருடைய அண்ணன் ரஹீமை அழைத்தேன். “உண்மைதாங்க. காலையில தலை வலிக்குதுன்னு சொல்லிக்கினு இருந்தா. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு” என்றார். பேசியது ரஹீம்தானா என்று அப்போதும் ஒரு கணம் யோசித்தேன். ஜமீலாவோடு பல வருடம் வேலை பார்த்தால் அப்படித்தான் ஆகிவிடும்.

நெய்வேலியில் ஒரு சிறிய தனியார் சோதனை நிறுவனத்தில் நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். பழுப்பு நிலக்கரி வழுக்கி இறங்கும் இரும்புச் சரிவுகள் தேயாமலிருக்க உட்புறம் பீங்கான் ஓடுகளை ஒட்டுவார்கள். அந்த ஒட்டு பிடித்திருக்கிறதா என்று அல்ட்ராசவுண்ட் எனும் மீயொலி அலையை அனுப்பிப் பார்ப்பது எங்கள் வேலை. பசை, பலத்துக்காகத் தாதுத்தூள் கலந்த பாலிமர். பசை பிடிக்காத இடத்தில் அலை இரும்போடு நின்று திரும்பிவிடும். பசைக்குள் நுழைந்த அலையோ துகள்களில் மோதிச் சிதறி மங்கலாகத் திரும்பும். துகள் கூடினால் மேலும் மங்கும், வேகமும் மாறும்.

எதிரொலி மங்கினாலே பசை பிடிக்கவில்லை என்று சிலர் எழுதிவிடுவார்கள். ஜமீலா விடமாட்டார். “தூளாலயும் மங்கும், உள்ள காத்து இருந்தாலும் மங்கும். எதுன்னு தெரியாம எழுதாதீங்க.” தன் அளவைச் சொல்லாமல் என்னையும் அளக்க வைப்பார். இரண்டும் ஒத்துப்போனால் சந்தேகம் இன்னும் கூடும். “ஒரே தப்ப ரெண்டு பேரும் பண்ணிட்டமோ?”

எதையோ எதிர்பார்த்துத்தான் இழுத்தடிக்கிறார் என்று ஒப்பந்தக்காரர்கள் கேன்டீனில் பேசிக்கொண்டது அவர் காதுக்கும் போனது. “சந்தேகப்படட்டும். நேர்ல வந்து பாத்துட்டுச் சந்தேகப்படட்டும்” என்றார்.

போன வருடம் முத்தாண்டிக்குப்பத்து ஒப்பந்தக்காரர் சேகர் தன் ஆட்களோடு ஒரு சரிவுக்கு ஓடு ஒட்டி முடித்திருந்தார். மேல்பாதியில் எதிரொலி அத்தனை தெளிவாக வந்தது. எனக்குச் சந்தோஷம். ஜமீலாவின் முகம் சுருங்கியது. “இவ்ளோ சுத்தமா வரக்கூடாதே. தூள் எங்க?” கீழ்ப்பாதியிலோ அளவுக்கு மீறிய மங்கல். மேலே ஒரு பீங்கான் ஓட்டைப் பெயர்த்தோம். பசையில் தூள் ஏறக்குறைய இல்லை.

“தூளை அடிச்சிட்டான்” என்று வேலையைக் கொடுத்த ஆலையின் மேலாளர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். மறுநாளிலிருந்து சேகரின் ஆட்களை உள்ளே விட வேண்டாம் என்றார். சேகர் வாசலில் நின்று கும்பிட்டார். “குடுத்தத அப்படியே ஒட்டினோங்க மேடம். புள்ளைங்க வவுத்துல அடிச்சிடாதீங்க.”

எனக்கு அவர்மேல் நம்பிக்கையில்லை. ஜமீலா சேகரையும் நம்பவில்லை, மேலாளரையும் நம்பவில்லை. “கீழ அலையோட வேகமும் மாறுது சார், மேல குறைஞ்ச தூள் அங்க அதிகமா இருக்குது. அடிச்சவன் அங்க ஏன் கூடுதலாப் போடணும்?” என்றார். மிச்சமிருந்த ஒரு பசை டின்னைத் திறக்கச் சொன்னார்.

மேலே தெளிந்த பசை. அடியில் கரண்டி இறங்காத அளவுக்குத் தூள் படிந்து கிடந்தது. வெகுநாள் கிடந்த சரக்கு. அதைக் கலக்காமல் மேலேயிருந்து அள்ளி, சரிவின் மேல்பாதியை முதலில் ஒட்டியிருக்கிறார்கள்; அடியில் மிஞ்சிய தூள் கீழ்ப்பாதிக்குப் போயிருக்கிறது. நடந்தது கவனக்குறைவு, திருட்டு அல்ல. சேகரின் ஆட்களே பெயர்த்து, நன்றாகக் கலக்கி, மறுபடி ஒட்டினார்கள். வேலை அவர்களிடமே நின்றது. நன்றி சொல்ல வந்த சேகரிடம், “அதெல்லாம் இருக்கட்டும். கலக்குனீங்களா? நான் பாத்துட்டுத்தான் சொல்வேன்” என்றார் ஜமீலா. பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

நல்லடக்கத்துக்குச் சேகர் தன் ஆட்களை அழைத்துக்கொண்டு வந்திருந்தார். திரும்பும்போது என் பக்கத்தில் நடந்தார்.

“சார், மேடத்துக்குக் கடைசி வரைக்கும் எம்மேல சந்தேகந்தானுங்களா?”

“ஆமாம்.”

“மத்தவங்க யாரும் சந்தேகப்படலீங்க சார். திருடன்னே முடிவு பண்ணிட்டாங்க” என்றார்.

ஜமீலாவை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவரிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது ஒரு கேள்விதான். ஒருவரைப் பற்றி எல்லோரும் ஒரே பேச்சாகப் பேசும்போது, இப்போதெல்லாம் நான் கேட்டுவிடுகிறேன்: “நீங்க பாத்தீங்களா?”