ஊசி போட்டதும் ஆத்தா வந்தாள்

என் மூத்த மகளுக்குச் சின்ன வயதில் இரைப்பு உண்டு. அம்மாபேட்டையில் எங்கள் வீட்டில் தறி ஓடாத நாளே கிடையாது. பஞ்சுத் தூசிதான் காரணம் என்று இன்றைக்கு எல்லாரும் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள், அன்றைக்குச் சொல்ல ஆளில்லை. ஆடாதொடைக் கஷாயம், தூதுவளை ரசம், காய்ந்த ஊமத்தை இலையை எரித்த புகை என்று எதையும் நான் விட்டுவைக்கவில்லை. பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும்.

அந்த வருஷம் ஆடியில் அடங்கவில்லை. காலையிலேயே ஆரம்பித்துவிட்டது. அவளுக்கு அப்போது ஆறு வயது. பாயில் படுக்கவைத்தால் எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். கழுத்துக் குழி உள்ளே போய்ப் போய் வந்தது, உதடு கறுத்துவிட்டது. "அம்மா" என்று சொல்ல ஒரு மூச்சு, "தண்ணி" என்று சொல்ல இன்னொரு மூச்சு. இரண்டையும் சேர்த்துச் சொல்லப் பிள்ளைக்கு முடியவில்லை. கையை விட்டுப் போய்விடுவாளோ என்று தோன்றிவிட்டது.

"ஓடிப்போயி டாக்டரக் கூட்டிட்டு வாங்க" என்றேன் வீட்டுக்காரரிடம். அவருடைய அக்கா எங்களோடுதான் இருந்தார். அவர் குறுக்கே வந்து நின்றார்.

"பூச்சாட்டியிருக்குதே, ஞாபகம் இருக்குதா? ஆத்தா ஊருக்குள்ள இருக்கறப்ப புள்ளைக்கு ஊசியா குத்துவீங்க?"

அம்மன் திருவிழாவுக்குப் பூச்சாட்டிவிட்டால் அம்மன் ஊருக்குள் வந்துவிட்டாள் என்று அர்த்தம். அப்புறம் உடம்புக்கு எது வந்தாலும் வேப்பிலையும் திருநீறும்தான். எனக்கோ வாய் கொஞ்சம் நீளம்.

"ஆத்தா கோவிச்சுக்கிட்டா நான் பேசிக்கறேன்! நீங்க போங்க!" என்று கத்தினேன். வீட்டுக்காரர் துண்டைக்கூட எடுக்காமல் ஓடினார்.

டாக்டர் ஜட்காவில் வந்து இறங்கினபோது வீடு அடைத்துக் கிடந்தது. ஆடிக் காற்று பிள்ளைக்கு ஆகாது என்று நாத்தனார் கதவு சன்னல் எல்லாம் சாத்தி, உள்ளே சாம்பிராணி வேறு போட்டிருந்தார். டாக்டருக்கு வந்ததே கோபம்!

"ஏம்மா, புள்ளைக்கு மூட்டம் போட்டிருக்கீங்களே, இதென்ன பழுக்க வெக்கிற வாழத்தாரா?" என்று கதவையெல்லாம் தானே திறந்துவிட்டார். அவளை என் மடியில் உட்காரவைத்து, தலையணை ஒன்றைக் கொடுத்து அதன்மேல் முன்னால் சாயச் சொன்னார். ஸ்பிரிட் விளக்கில் ஊசி கொதிக்கிறவரைக்கும் நான் கும்பிடாத தெய்வம் இல்லை. கையில் ஊசி ஏறினபோது பிள்ளை அழக்கூட இல்லை, அழுவதற்கும் மூச்சு வேண்டுமே. டாக்டர் கொஞ்ச நேரம் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, கை கழுவக் கொல்லைப்புறம் போனார்.

அவர் அந்தப் பக்கம் போனதும் மகளுக்கு உடம்பு நடுங்க ஆரம்பித்தது. விரல் எல்லாம் வெடவெடவென்று ஆடின. நெஞ்சு அடித்துக்கொள்வது என் கையில் தெரிந்தது.

"வந்துட்டா! ஆத்தா வந்துட்டா!" என்று நாத்தனார் கூவினார். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடிவந்து குலவையிட்டார்கள். அதற்குள் நாத்தனார் தட்டில் கற்பூரத்தை ஏற்றி, பிள்ளையின் முன்னால் மண்டியிட்டார்.

"என்ன கொறை வெச்சோம் தாயே? வாயத் தொறந்து சொல்லு!"

சிரிக்காதீர்கள், நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஆத்தாளிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று கத்தினவளும் நான்தான். ஏதோ பெரிய தண்டனையாகச் சொல்லப்போகிறாள் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

மகள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"ஆத்தாளும் வரல ஒருத்தரும் வரல அத்தை, கையி தானா ஆடுது, அந்தக் கற்பூரத்த அணைச்சுப்போட்டு எனக்கு ரெண்டு இட்டிலி குடுங்க."

கொல்லை வாசலில் ஈரக் கையோடு நின்றிருந்த டாக்டர், "அது மருந்தோட வேலைங்கம்மா, செத்த நேரத்துல நின்னுரும்" என்றார். யார் காதில் விழுந்தது? நாத்தனார் கற்பூரத்தை அணைக்கவும் தெரியாமல் விழித்தார். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

"இன்னொருக்கா சொல்லு சாமி" என்று அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "நிறுத்தாமச் சொல்லு."

அவளும் சலித்துக்கொண்டே ஒரே மூச்சில் முழுசாகச் சொன்னாள். இந்தத் தடவை இட்டிலி மூன்றாகியிருந்தது.