வெள்ளத்துக்கு மேல் ஒரு சாண்

நம் எலக்ட்ரீஷியனுக்கு ஒரே ஒரு கொள்கைதான். போன வெள்ளம் எதுவரை வந்ததோ, அதற்கு மேல் ஒரு சாண் விட்டு சுவிட்ச் போர்டை மாட்ட வேண்டும். ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவில் பள்ளமாகக் கிடந்த அந்த ஊரில் இருபது வருஷமாக இதை வைத்தே பிழைத்தார். முதலில் முழங்கால் உயரம், அப்புறம் இடுப்பு, அப்புறம் மார்பு, அப்புறம் தலைக்கு மேல். ஒவ்வொரு முறையும் வெள்ளம் அந்த ஒரு சாணையும் விழுங்கிவிட்டு மேலே வந்தது. மனுஷன் அசரவேண்டுமே! இப்போது ஸ்டூல் இல்லாமல் அந்த ஊரில் யாரும் மின்விசிறி போட முடியாது.

இந்த வருஷம் கழுத்தளவு வெள்ளம். அவர் வீட்டு சுவிட்ச் ஒன்றுகூட நனையவில்லை. அதைத் தெருத்தெருவாகச் சொல்லி மார்தட்டினார். நடக்கமுடியாத அப்பா கட்டிலோடு மிதந்ததையும், மனைவி பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து அவரை மாடிக்குத் தூக்கியதையும் மட்டும் வசதியாக மறந்துவிட்டார். அந்த நேரத்தில் ஐயா டெஸ்டரும் கையுமாக எதிர்வீட்டுப் பரணில் இருந்தார்.

தண்ணீர் வடிந்ததும் ஓர் அதிகாரி படிவத்தோடு வந்து உட்கார்ந்தார். மேட்டில் மாற்று மனை தருகிறார்களாம். இன்று ஐந்து மணிக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் அது வேறு ஆளுக்குப் போய்விடுமாம்.

"போட்டுடுங்களேன், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள் மனைவி.

"நீ சும்மா இரு. சார், அந்த மேட்டுல தண்ணியே வராதே, அங்க போய் நான் என்ன வேலை பாக்கறது? இங்கயே இன்னும் பலமா கட்டிக்கலாம்."

அதிகாரிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"டேய்" என்றார் கட்டிலில் கிடந்த அப்பா. "அடுத்த வெள்ளத்துக்கு என்னடா பண்ணுவ?"

"கவலையே படாதீங்கப்பா. ரெண்டடி ஏத்திடறேன்."

"எத? என் கட்டிலயா, உன் சுவிட்சயா?"

எலக்ட்ரீஷியன் குனிந்து கட்டில் காலைப் பார்த்தார். இருபது வருஷத்தில் அந்தக் கட்டிலை ஒரு செங்கல் உயரம் தூக்கிவைக்கக்கூட அவருக்குத் தோன்றியதில்லை.

"போன தடவ இவ தூக்கினா. அந்தத் தோள் வலியே இவளுக்கு இன்னும் போகல. அடுத்த தடவ என்னை விட்டுடச் சொல்லிட்டேன்" என்றார் அப்பா.

மணி ஐந்தாக நான்கு நிமிஷம் இருந்தது. எந்த இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று அதிகாரியிடம் கேட்டார் எலக்ட்ரீஷியன். மனைவியின் முகத்தைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது.