இம்தியாஸ் பாயின் வலது கை

வலது கை விரல்கள் முழுதாக மடங்கியிருந்தால், இம்தியாஸின் பைக் அந்த லாரிக்கு முன்னால் நின்றிருக்குமா? எனக்குப் பதில் தெரியாது. தெரிந்ததைப்போல எழுதவும் மாட்டேன்.

வாணியம்பாடி கல்லூரியில் முதல் வகுப்பை எடுத்து முடித்துவிட்டு வெளியே வந்தபோது ஸ்டெல்லா போனில் அழைத்தார். "மேடம், பாய் போய்ட்டாரு. மாதனூர் தாண்டி, ஹைவேயில. லாரி."  பிறகு, "பிரேக் பிடிச்ச தடமே இல்லையாம்" என்றார்.

அவரை அறிந்தவர்களுக்கு இரண்டு இம்தியாஸ்களைத் தெரிந்திருக்கும். ஒருவர், ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோல் வெட்டுவதற்கான பேட்டர்னைக் கணினியில் போடுபவர். இன்னொருவர், என்னோடு சேர்ந்து ஒரு வியூவரைப் பராமரித்தவர். மெய்நிகர் உலகம் ஒன்றுக்குள் நம்மை அழைத்துப்போகும் மென்பொருள் அது. அங்கே மனிதர்கள் உருவம் எடுத்து உலவுகிறார்கள். உடைகளும் செருப்புகளும் காசு கொடுத்து வாங்கி அணிகிறார்கள். எங்கள் வியூவர் திறமூலம். அதன் நிரலை யாரும் படிக்கலாம், மாற்றி ஓட்டலாம்.

அதில் ஒரு வசதி இருந்தது. நாம் செய்த பொருளை நம் கணினியில் சேமித்துக்கொள்ளலாம். செய்தவர் நாம்தானா என்று வியூவர் முதலில் சோதிக்கும், இல்லையென்றால் மறுத்துவிடும். அந்தச் சோதனையை எழுதியவர் இம்தியாஸ். அதன் மேல் தமிழில் ஒரு குறிப்பும் எழுதிவைத்தார்: "இது பூட்டு இல்லை, மரியாதை." நிரலில் தமிழ் எதற்கு என்று சண்டை போட்டேன். "திரையில தெரியுதுன்னா உங்க மிஷினுக்கு வந்துடுச்சுன்னு அர்த்தம் மேடம். வந்தத எடுக்காதேன்னு கெஞ்சத்தான் முடியும். கெஞ்சறத நம்ம பாஷையில கெஞ்சுவோம்" என்றார்.

ஸ்டெல்லா கம்பெனி வேலையை விட்டுவிட்டு, அந்த உலகத்தில் பூட்ஸ் செய்து விற்றுப் பிழைத்தவர். ஒருநாள் அவருடைய பூட்ஸ் எல்லாம் வேறொரு கடையில் கால் விலைக்குத் தொங்கின. யாரோ எங்கள் நிரலை எடுத்து, சோதனையை மட்டும் நீக்கி, யார் பொருளையும் சேமிக்கவிடும் புது வியூவராக ஓட்டியிருந்தார்கள். குறிப்பை நீக்கவில்லை. காவல் இல்லாத வாசலில் அந்தத் தமிழ் வரி அப்படியே நின்றது.

விளக்கம் சொல்ல நானும் இம்தியாஸும் மாதனூரில் ஸ்டெல்லாவின் வீட்டுக்குப் போனோம். அவருடைய அண்ணன் தேவராஜும் இருந்தார். வெளிநாட்டு பிராண்டுகளுக்குத் தைக்கும் கம்பெனிகளில் தரம் தேறாத ஜோடியை முழுசாக வெளியே விடமாட்டார்கள். யாரும் எடுத்து விற்றுவிடக் கூடாது என்று மேல்தோலைக் குறுக்கே கத்தியால் கிழித்த பிறகுதான் குப்பைக்குப் போகும். தேவராஜுக்கு அந்தக் கிழிக்கும் வேலை.

"பாய், அந்த வழிய இப்பவே மூடு" என்றார் தேவராஜ்.

"மூடலாம்ப்பா. எடுத்துட்டுப் போனவன் கையில இருக்கறத இன்னா பண்ணுவ?"

"நீ தொறந்து வச்சதாலதானே எடுத்தான்?"

இம்தியாஸ் யோசித்தார். "ஆமா" என்றார்.

மேசைமேல் தோல் வெட்டும் கத்தி கிடந்தது. கம்பெனியில் ஜோடியைப் பிடிப்பதுபோலவே தேவராஜ் இம்தியாஸின் வலது கையைப் பிடித்து விரித்தார். ஒரே இழுப்பு. விசைப்பலகை முழுக்க ரத்தம். ஸ்டெல்லா கையில் அகப்பட்ட மரக்கட்டையால் அண்ணனின் வாயில் அடித்தார். பல் உடைந்து தெறித்தது. நான் கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள்.

ஆட்டோவில் என் துப்பட்டாவைக் கையில் சுற்றிக்கொண்டு இம்தியாஸ் சிரித்தார். "கரெக்டா குறுக்கால வெட்டிட்டான் மேடம். இனிமே எந்த பிராண்டும் என்ன விக்க முடியாது."

மருத்துவமனையில், மிஷினில் மாட்டிக்கொண்டது என்று சொன்னார். என்னையும் பேசவிடவில்லை. "அவன் உள்ள போனா ஸ்டெல்லாவோட பூட்ஸ் திரும்பி வந்துடுமா? பேஜார்தான் ஜாஸ்தியாவும்." இதை மன்னிப்பு என்று பலர் இப்போது சொல்கிறார்கள். நான் நம்பவில்லை. அந்தத் திருடனைப் பிடிக்க அவருக்கு நேரம் வேண்டியிருந்தது. போலீஸ், கோர்ட்டு என்று அலைய அவர் தயாராக இல்லை.

ஆளை இல்லாவிட்டாலும் கடைகளைப் பிடிக்கவும் செய்தார். ஸ்டெல்லா ஒவ்வொரு ஜோடியிலும் இடது பூட்ஸில் மட்டும் ஒரு தையலைத் தாண்டிவிட்டுத் தைப்பார். அந்தத் தாண்டிய தையலைத் தேடித் தேடிக் கண்டுபிடித்து, அந்த உலகத்தை நடத்துபவர்களுக்கு இடது கையால் தட்டித் தட்டிப் புகார் அனுப்பினார். ஒரு கடையை மூடினால் வேறு பெயரில் இன்னொன்று முளைத்தது. ஒருநாள் கட்டுப்போட்ட கையாலேயே திரையைக் குத்தினார். கண்ணாடி நொறுங்கியது, கையில் போட்ட தையல் பிரிந்து மறுபடி ரத்தம் கொட்டியது. "எடுத்தவன் மூஞ்சி ஒரு தடவ கெடைக்கட்டும் மேடம், கொன்னுடுவேன்." அவர் சாந்தமானவர் என்று யாராவது இரங்கல் எழுதினால் நம்பாதீர்கள்.

அந்தக் கை ஆறிய பிறகும் விரல்கள் பாதிதான் மடங்கின. பைக்கை விடச் சொன்னேன். "முன் பிரேக்குக்கு ரெண்டு விரல் போதும்" என்றார்.

அடக்கத்தன்று அவர் வீட்டுத் தெருமுனையில் தேவராஜ் நின்றிருந்தார். உள்ளே வரவில்லை. யாரும் கூப்பிடவுமில்லை.

என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு வரிக் குறிப்பும், தேவராஜ் கேட்ட கேள்விக்கு அவர் சொன்ன "ஆமா"வும்தான். இரண்டையும் நான் நீக்கப்போவதில்லை.

அடக்கத்துக்கு மறுநாள், இம்தியாஸின் கை வெட்டுப்பட்டதைச் சொல்லக் காவல் நிலையத்துக்குப் போனேன். தேவராஜ் எனக்கு முன்பே அங்கே இருந்தார்.

"நான்தான் சார் வெட்டினேன்."

"செத்தவரே மிஷின்னு சொல்லியிருக்காரு. லாரி டிரைவர உள்ள வச்சாச்சு. நீ போய் வேலையப் பாருய்யா" என்றார் எஸ்.ஐ.

தேவராஜ் தன் வலது கையை ஓங்கிச் சுவரில் அடித்தார். மறுபடியும் அடித்தார். காவலர்கள் அவரை இழுத்து வெளியே தள்ளினார்கள். நான் பார்த்ததைச் சொன்னேன். எஸ்.ஐ. கேட்டுக்கொண்டார், எழுதவில்லை.

வெளியே வந்தேன். படியில் உட்கார்ந்து ஸ்டெல்லா அண்ணனின் கையைத் தன் மடியில் வைத்திருந்தார்.

"மடக்கு," என்றார். "ஒவ்வொரு வெரலா மடக்கு, பாக்கறேன்."