பால் ஊறட்டும் என்று காத்திருக்க விடாதவர்

சிலாபத்து மீன் சந்தையில் நின்றபடி என் கணவர் தொலைபேசியில் சொன்னார்: "றெஜினா மிஸ்ஸி மவுத்தாகிட்டாங்களாம். இப்பத்தான் கேள்விப்பட்டன்."

சாவுச் செய்தி கேட்டு, கையிலிருந்த குழந்தைச் சட்டையைக் கொடியில் போடாமலே நின்றேன். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொன்னபோது, "அந்த வாய்க்காரியா?" என்று கேட்டார். ஆம், அந்த வாய்க்காரிதான். அந்த வாய் இல்லாதிருந்தால் என் மூத்த மகன் என்ன ஆகியிருப்பான் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. ஆகவே, இதை மென்மையாக எழுதும் எண்ணம் எனக்கில்லை.

றெஜினா மிஸ்ஸி எங்கள் பகுதியின் குடும்பநல மாது. யுத்தத்தில் வன்னியிலிருந்து வந்து பாலாவிப் பக்கம் குடியேறியவர். பிள்ளை பெற்ற வீடுகளுக்குத் தாயையும் பிள்ளையையும் பார்க்க ஸ்கூட்டரில் வருவார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேள்வி கேட்கத் தொடங்கிவிடுவார்.

என் மகன் பிறந்து இருபதாம் நாள் அப்படித்தான் எங்கள் ஊரான கனமூலைக்கு வந்தார். எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. என் கணவரின் தாயார், மாமி, சுறாவை அவித்து உதிர்த்து உள்ளிப் பூண்டு நிறையப் போட்டு வறை செய்வார். முருங்கையிலையும் வெந்தயக் கஞ்சியும் தினமும் உண்டு. பச்சைத் தண்ணீர் மட்டும் கிடையாது. நாற்பது நாள் முடியும்வரை மருந்துச் சரக்குப் போட்டுக் காய்ச்சிய தண்ணீர் வேளைக்கு அரைக் கோப்பைதான்.

பால் போதவில்லை என்றதும் மாமி ஒரு வழி கண்டார். "கெணறு மாதிரித்தான் புள்ள. ஊற உட்டுத்தான் எடுக்கணும்" என்று நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறைதான் மகனை என்னிடம் தந்தார். இடையில் போத்தலில் பால்மா கரைத்த மாப்பால். ஊற விட ஊற விட, எனக்கு இருந்த பாலும் வற்றியது.

மிஸ்ஸி மகனைத் தராசில் போட்டார். பாரம் ஏறவே இல்லை. அவருடைய முகம் மாறியது.

"தாகத்துக்குத் தண்ணி குடிக்கிறனீரோ, பிள்ளை?"

நான் மாமியைப் பார்த்தேன்.

"அவவைப் பாராதேயும். என்னைப் பார்த்துச் சொல்லும்."

சொன்னேன். மிஸ்ஸி மாமியின் பக்கம் திரும்பினார். "சுறாவிலயும் முருங்கையிலயும் பிழையில்லை மாமி. குடுங்கோ, சிலபேருக்கு உதவும். ஆனா தாகத்துக்குத் தண்ணியும் குடுங்கோ; பிள்ளை குடிக்கக் குடிக்கத்தான் பால் சுரக்கும். அழ முதலே தூக்கிக் குடுக்க வேணும். மூண்டு நாள் பார்ப்பன். ஏறாட்டி ஆஸ்பத்திரிதான்."

மாமிக்குக் கோபம் வந்துவிட்டது. "நாங்க அஞ்சி புள்ள பெத்து வளத்த ஆக்கள் மிஸ்ஸி. இது எங்கட ஊடு."

"ஓம், வீடு உங்கட. வயிறு பிள்ளையின்ர."

சொல்லிவிட்டுப் போகவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு என் பக்கத்திலேயே அமர்ந்தார். மகனின் வாயை எப்படிப் பொருத்துவது என்று காட்டினார். மாப்பாலை எப்படிக் குறைப்பது என்று சொல்லித் தந்தார். அடுத்த நாளும் வந்தார், அதற்கடுத்த நாளும் வந்தார். மாமி முகம் கொடுக்கவில்லை. மிஸ்ஸி அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் தராசு முள் ஏறியது. மாமி நம்பவில்லை. "திரும்பப் போடுங்க" என்றார். திரும்பவும் ஏறியது. நான் விக்கி விக்கி அழுதேன். மாமி குசினிக்குள் போய், சோறும் சுறா வறையும் ஒரு கோப்பையில் போட்டுக் கொண்டுவந்து மிஸ்ஸியின் முன்னால் வைத்தார். மிஸ்ஸி சாப்பிட்டுவிட்டு, "உப்புக் கூடிப்போச்சு" என்றார்.

அவரைப் பற்றி ஊரில் ஒரு கதை உண்டு. தன்னுடைய மகனையே மாப்பாலில் வளர்த்தவர், மற்றவர்களுக்குச் சொல்ல வந்துவிட்டார் என்று. அதை அவரிடமே ஒருநாள் கேட்டேன்.

"உண்மைதான். அகதி முகாமில எனக்குப் பால் வரேல்ல. மாப்பால் இல்லாட்டி மகன் இல்லை. மாப்பால் குடுத்த ஒரு தாயையும் நான் ஏசினதில்லை, பிள்ளை. வரக்கூடிய பாலை வராமப் பண்ணுறவைக்குத்தான் ஏசுவன்."

கதை பேசியவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளட்டும்.

இப்போது என் மகளுக்கு நான்கு மாதம். பால் கொடுக்கும் பெண் சாவு நடந்த மையத்து வீட்டுக்குப் போனால் பால் நின்றுவிடும் என்று நாலு பேர் தடுத்தார்கள். மாமிதான் முதலில் புறப்படச் சால்வையை எடுத்தார்.

மிஸ்ஸியின் வீட்டில், சவப்பெட்டியின் அருகே நின்றபோது மகள் வாயைச் சப்பத் தொடங்கினாள். அங்கேயே ஒரு கதிரையில் அமர்ந்தேன். "இங்கயா? பொறகு குடுக்கலாமே" என்று ஒரு பெண் முணுமுணுத்தார். மாமி தன் சால்வையை விரித்து எனக்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"புள்ளைக்குப் பசிக்கிது. இந்த மனிசிக்கு முன்னுக்கு வெச்சி, பொறகு குடுன்டு சொல்ல எனக்கு ஏலா."

மகள் வயிறு நிறையக் குடித்துத் தூங்கும்வரை நாங்கள் எழுந்திருக்கவில்லை. போய் வாருங்கள், மிஸ்ஸி.