நேர்ந்துவிட்ட தம்பி

சாமியாருக்குப் படிக்கக் குருமடத்துக்குப் போக எங்கள் வீட்டில் ஆசைப்பட்டவன் நான். போனவன் என் தம்பி. இது எங்கள் ஊரில் யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை.

தம்பி கைக்குழந்தையாக இருந்தபோது வாந்திபேதி கண்டு கண் செருகிவிட்டதாம். அம்மா அவனை அந்தோனியார் சுரூபத்தின் முன்னால் கிடத்தி, பிழைத்தால் சாமியாராக விட்டுவிடுவதாக நேர்ந்துகொண்டாள். பிழைத்துக்கொண்டான். பல் முளைக்கும் முன்பே அவன் என்ன படிக்க வேண்டும் என்பது முடிவாகிவிட்டது.

எனக்கு அப்படி ஒரு வியாதியும் வந்து தொலைக்கவில்லை. பூசைக்கு உதவி செய்து, அர்த்தம் தெரியாத லத்தீன் பதில்களை மூச்சுவிடாமல் சொல்வேன். அதே பூசையில் தம்பி தூணில் சாய்ந்து தூங்குவான். அவன் பக்தியெல்லாம் மஞ்சுவிரட்டு மாட்டின் மேல்தான்.

ராஜாவின் சமஸ்தானம் போய் இந்தியாவோடு சேர்ந்து மூன்று வருஷம் இருக்கும். நான் எட்டாவதும் அவன் ஆறாவதும் முடித்திருந்தோம். அவனுக்குப் பதிலாக என்னை அனுப்புங்கள் என்று கேட்டேன். வீட்டில் எல்லோருக்கும் ஒரு கிடா ஞாபகம் வந்தது. முந்தின வருஷம் எங்கள் தெருக்காரர் ஒருவர், அந்தோனியாருக்கு நேர்ந்த கிடா நன்றாகக் கொழுத்துவிட்டதைக் கண்டு மனசு மாறி, சோனிக் கிடா ஒன்றைக் கோயிலுக்கு ஓட்டிப் போனார். பங்குச் சாமியார் திருப்பி அனுப்பிவிட்டார். எங்கள் வீட்டு வேதசாஸ்திரம் அந்தக் கிடாவோடு தொடங்கி அந்தக் கிடாவோடு முடிந்தது.

அம்மா கேட்டாள்: "அந்தோனியாருக்கு ஆள் அடையாளம் தெரியாதுன்னு நெனச்சியா? ஒன்னைய அனுப்பிட்டு, இவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீ பதில் சொல்லுவியா?"

மூத்தவன் போய்விட்டால் நிலத்தை யார் பார்ப்பது என்பது அப்பாவின் கவலை. பங்குச் சாமியாரிடம் போனேன். வாத்தியார் டிரெயினிங் போ, அதுவும் ஊழியம்தான் என்றார். அந்த ஊழியம் அவருக்கு மட்டும் ஏன் போதவில்லை என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

குருமடத்தில் கேள்வி கேட்டுத்தான் சேர்ப்பார்கள். தம்பிக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கும் வேலையை என்னிடம் தந்தார்கள். பாலுக்குப் பூனை காவல். பத்துக் கட்டளைகளை ஏழு என்றும், ஞானஸ்நானம் முதலான ஏழு தேவதிரவிய அனுமானங்களைப் பத்து என்றும் எண்ணிக்கையை மாற்றிச் சொல்லிக்கொடுத்தேன். மடையன் அப்படியே ஒப்பித்தான். குருமடமே வேண்டாமென்று அனுப்பிவிட்டால் அம்மாவின் நேர்ச்சையும் கழிந்தது, அடுத்து என் முறை என்பது என் கணக்கு.

நானும் அப்பாவும் அவனோடு பஸ் ஏறிப் போனோம். குருமடத்துப் பெரிய சாமியார் கேட்டார். தம்பி கணீரென்று கட்டளை ஏழு, அனுமானம் பத்து என்றான். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் தாங்கவில்லை. பெரிய சாமியார் அப்பாவைப் பார்த்தார். அப்பா கைகட்டி நேர்ச்சைக் கதையைச் சொன்னார். பெரிய சாமியார் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"நேர்ந்துவிட்ட பிள்ளை. எண்ணிக்கையெல்லாம் இங்க வந்து கத்துக்குவான்."

சேர்த்துக்கொண்டார். என் முதுகில் தட்டி, அப்பாவுக்கு ஒத்தாசையாக இரு என்று புத்திமதியும் சொன்னார். திரும்பும்போது பஸ்ஸில் அழுதேன். தம்பியைப் பிரிந்த துக்கம் என்று நினைத்து அப்பா கலர் சோடா வாங்கிக் கொடுத்தார்.

டிரெயினிங் முடித்தேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் தினமும் கட்டளை பத்து என்று பிள்ளைகளைக் கத்தவிட்டேன். கல்யாணம், இரண்டு குழந்தைகள். தம்பி லத்தீன் முடித்தான், தத்துவம் முடித்தான் என்று கடிதங்கள் வரும். ஒன்றையும் முழுசாகப் படித்ததில்லை. பொறாமைதான், அதற்கு வேறு நல்ல பெயர் கிடையாது. வெள்ளை அங்கியோடு லீவுக்கு வந்தால் அவனிடம் முகம் கொடுத்துப் பேசமாட்டேன்.

பன்னிரண்டு வருஷம் கழித்துக் குருப்பட்டம் பெற்று வந்து, எங்கள் ஊர்க் கோயிலில் முதல் பூசை வைத்தான். பிரசங்கத்துக்கு வந்த வெளியூர்ச் சாமியார், புதுக்குரு சிறு வயதில் மாடு மேய்க்கும்போதே செபமாலை சொன்னவர் என்றார். மாட்டைப் பற்றிய பகுதி மட்டும் உண்மை. அம்மா தேம்பித் தேம்பி அழுதாள்.

பூசை முடிந்ததும், பட்டத்தின்போது தைலம் பூசிய புதுக்குருவின் உள்ளங்கைகளை முத்தமிட்டு முத்திசெய்ய வேண்டும். அம்மா, அப்பா, அடுத்து நான். முழங்கால் போட்டுக் குனிந்தேன். தம்பி என் காதருகே தலையைத் தாழ்த்தினான்.

"அண்ணே, கட்டளை பத்துன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். ஒனக்காகத்தான் நீ சொல்லிக்குடுத்த மாதிரியே தப்பாச் சொன்னேன். எனக்கும் வீட்டுக்குத் திரும்பி வரணும்னு இருந்துச்சு. அப்படியும் எடுத்துக்கிட்டாங்க."

பின்னால் வரிசை நெருக்கியது. அந்தக் கைகளை முத்திசெய்துவிட்டு எழுந்தேன்.