பஸ் டாப்பில் போன சாணிக் கரைசல்

1984 சித்திரையில் போளூரிலிருந்து ஆரணிக்கு ஒரு டின் சாணிக் கரைசலோடு போனேன். காரணம் சரோஜா அக்கா போட்ட கார்டு: "ரெண்டு மாசமாகியும் சாண எரிவாயு வரல. வெள்ளிக்கிழமை மாமா குழிய மூடறேன்றாரு. ஜல்தி வா." அக்காவுக்கு விறகுப் புகை ஆகாது. இருமல் தொடங்கினால் பேச்சே நின்றுவிடும். எங்கள் வீட்டுச் சாண எரிவாயுக் கலனில் வாயு நன்றாக வந்துகொண்டிருந்ததால், உறை மோர் கொண்டுபோவதுபோல் அதிலிருந்து பதினைந்து லிட்டர் கரைசல் எடுத்துக்கொண்டேன்.

புதன் காலை 6.40 பஸ். சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர், ஒரு மணி நேரம், டிக்கெட் இரண்டு ரூபாய். கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இன்னா சார் டின்னுல?"

"சாணிங்க. அக்கா வீட்டுக்கு."

"சீர்வரிசையா? டாப்புல போடுங்க."

பஸ்ஸே சிரித்தது. எனக்குக் கோபம்தான் வந்தது, ஆனாலும் டின்னை ஏற்றிவிட்டு நானும் சிரித்தேன்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து கால்மணி நடை. பட்டுத் தறி வைத்திருக்கும் மாமா, கலனுக்கான சாணத்தைக் கரைத்துக்கொண்டிருந்தார். தொட்டியெல்லாம் நுரை.

"இன்னா தண்ணி மாமா இது?"

"பட்டு நூல் வேகவெச்ச தண்ணி, மச்சான். சோப்பு, சோடால்லாம் இருக்குது. அப்புறம் பட்ட தொடணும்ல, கையில நாத்தம் நிக்கக் கூடாதுன்னு டெய்லி இதத்தான் ஊத்திகினு இருக்கேன்."

போச்சு! காற்றுப் புகாத குழிக்குள் சாணத்தை வாயுவாக்குவது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். மாமா அவற்றைத் தினமும் சோப்புப் போட்டுக் கொன்றிருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் தொங்கிப்போனது.

"அப்போ இத்தினி நாளு அவ இருமினது என்னாலதானா?"

அன்றே மேலிருந்தபடி வாளி வாளியாக இறைத்துக் குழியைக் காலிசெய்தார். யாரையும் கைவைக்க விடவில்லை. பிறகு புதுச் சாணம், கிணற்றுத் தண்ணீர், என் டின்.

இப்படிக் கொண்டுபோக நினைப்பவர்களுக்கு: டின் மூடியை இறுக்காதீர்கள், வாயு முட்டித் திறந்துகொள்ளும். சாணமும் தண்ணீரும் சரிக்குச் சரி. முதலில் வரும் வாயு எரியாது, திறந்து வெளியே விட்டுவிடுங்கள். வெயில் காலமே நல்லது.

பதினெட்டு நாள் கழித்துத் திரும்பப் போனேன். அடுப்பில் நீலமாக எரிந்தது. மாமா சமையற்கட்டிலேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அக்கா என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "கல்யாணமாகி பன்னெண்டு வருஷமாச்சுடா. நான் சமைக்கறப்போ இவரு பக்கத்துல உக்காந்து பேசறது இப்பதான்."