பூட்டிய வீட்டுக்குப் பதில் அடுத்த வீடு

எழுபதுகளின் கடைசியில் சுகாதாரக் கணக்கெடுப்புக்காக என்னைப் புதுச்சேரியிலிருந்து காரைக்காலுக்கு அனுப்பினார்கள். வீட்டில் யாருக்கு என்ன நோய், எங்கே வைத்தியம், ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போகிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுத வேண்டும். அதை வைத்துத்தான் எந்த ஊருக்கு நர்ஸ் என்பது முடிவாகும். பகலெல்லாம் ஊரார் உடம்பை விசாரித்துவிட்டு அறைக்குத் திரும்பினால், சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்க ஒரு ஆள் கிடையாது.

கருக்களாச்சேரி என்ற மீனவர் ஊருக்குக் காலை பஸ்ஸில் போய் மதியத்துக்குள் திரும்பிவிடுவேன். ஊருக்கு இத்தனை வீடு என்று பொறுக்கிக் கொடுத்திருந்த பட்டியலில் ஒரு வீடு, நான் போன மூன்று நாளும் பூட்டிக் கிடந்தது. அந்த வீட்டுக்காரி மீன் விற்கப் போயிருக்கிறாள் என்று பக்கத்து வீட்டுப் பெண் மூன்று நாளும் ஒரே பதிலைச் சொன்னாள். மூன்று முறை பூட்டியிருந்தால் அடுத்த வீட்டை எழுதிக்கொள்ளலாம் என்பது விதி. சாயங்காலம் ஒரு நடை போய்ப் பார்த்திருக்கலாம். எனக்கு அலுப்பு. பதில் சொன்னவளின் வீட்டையே எழுதிக்கொண்டேன். அங்கே எல்லாரும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார்கள்.

படிவங்கள் புதுச்சேரிக்குப் போன மறுவாரம் எனக்குக் காய்ச்சல் வந்தது. தனியாகவே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போடும் இடத்தில் உட்கார்ந்தேன். தலை சுற்றியது. பக்கத்திலிருந்த மெலிந்த அம்மாள் என்னைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். காரைக்காலுக்கு வந்த பிறகு ஒருவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அழுகை வந்துவிட்டது.

கூட யாரும் வரவில்லையா என்று கேட்டாள். பேச்சோடு பேச்சாக அவள் ஊரும் தெருவும் வந்தன. பூட்டிய வீடு அவளுடையதுதான். காசநோய். தினமும் காலையில் வந்து ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். தெருவில் தெரிந்தால் ஒதுக்கிவிடுவார்கள் என்று, வெறும் மீன்கூடையைத் தூக்கிக்கொண்டுதான் கிளம்புவாளாம். முடியாத நாளில் ஊசி தவறிப்போகும். டாக்டர் சத்தம் போடுவார்.

நான் யார் என்று சொன்னேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் முகம் மலர்ந்தது.

"நீங்கதானாம்மா அது? ஊசி போட நம்மூருக்கே நர்ஸம்மா வரப்போறாங்கன்னு பேசிக்கிட்டாங்க. எப்பம்மா வருவாங்க?"

"சொல்லிப் பாக்குறேங்க," என்றேன்.

சொல்லியும் பார்த்தேன். அதிகாரிக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினேன். விதிப்படிதான் மாற்று வீடு எடுத்திருக்கிறீர்கள், கவலைப்பட வேண்டாம் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. பிறகு அறிக்கையும் வந்தது. கருக்களாச்சேரியில் தொடர் சிகிச்சை தேவைப்படுவோர் எவருமில்லை என்று போட்டிருந்தது. நர்ஸ் வேறு ஊருக்குப் போனார்.

அதன்பின் நான் அந்த ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. உடம்புக்கு வந்தால் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு அறையில் சுருண்டு கிடப்பேன். சில மாதங்களில் மாற்றல் கேட்டு மனு எழுதினேன். காரணம் என்ற இடத்தில் உடல்நலம் என்று போட்டேன். பொய். எப்பம்மா வருவாங்க என்று அவள் மறுபடி கேட்டுவிடுவாளோ என்ற பயம்தான்.